சம்மத வயது: நாட்டுக்கு நாடு மாறுவது ஏன்?

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும், ஒவ்வொரு கைதுச் செய்தியையும் ஒட்டி வீடுகளிலும் பள்ளிகளிலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன.

சந்தேகம்: 17 வயதுப் பெண், 'நானே விரும்பித்தான் போனேன்' என்று சொன்னாலும் வழக்கு வருமா?

விளக்கம்: வரும். 2012 நவம்பர் 14 முதல் அமலில் உள்ள போக்சோ சட்டப்படி, 18 வயது நிறையாத ஆண், பெண் இருபாலரும் குழந்தைகளே. பாலுறவுக்கு அவர்கள் தரும் சம்மதம் சட்டத்தின் முன் செல்லாது. தாலி கட்டிவிட்டாலும் தப்ப முடியாது. 15 முதல் 18 வயதுக்குள்ளான மனைவி விஷயத்தில் கணவருக்கு இருந்த விலக்கை 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிவிட்டது.

சந்தேகம்: சம்மத வயது ஜெர்மனியில் 14, பிரான்ஸில் 15, இலங்கையில் 16 என்கிறார்கள். அப்படியென்றால் சரி, தவறு என்பதே ஊருக்கு ஊர் மாறுவதுதானே?

விளக்கம்: எண்ணை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். ஜெர்மனியில் 14 என்றாலும், அந்தப் பிள்ளையை வளர்க்கும், கற்பிக்கும் பொறுப்பில் இருப்பவருக்கு வரம்பு வேறு, கடுமையும் கூடுதல். பிரான்ஸ் 2021-இல் கொண்டுவந்த சட்டத்தில் பொது வரம்பு 15. குடும்ப உறவுக்குள் நடந்தால் 18. கனடா 2008-இல் வயதை 14-இலிருந்து 16 ஆக உயர்த்தியபோது, 14, 15 வயதினருக்கும் மற்றவருக்கும் ஐந்து ஆண்டுக்குக் குறைவான இடைவெளி இருந்து, அந்த மற்றவர் அதிகாரத்தில் இல்லாதவராகவும் இருந்தால் குற்றமில்லை என்றது. 'முடியாது' என்று சொல்லும் வலு அந்தப் பிள்ளைக்கு உண்மையில் இருந்ததா என்பதைத்தான் எல்லாச் சட்டங்களும் தத்தம் வழியில் கேட்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தென்கொரியா 2020-இல் 13-இலிருந்து 16-க்கும், பிலிப்பைன்ஸ் 2022-இல் 12-இலிருந்து 16-க்கும், ஜப்பான் 2023-இல் 13-இலிருந்து 16-க்கும் உயர்த்தின. வெவ்வேறு மதம், வெவ்வேறு பண்பாடு. ஆனால் மூன்றும் நகர்ந்தது ஒரே திசையில்.

சந்தேகம்: எங்கள் பாட்டிக்குப் 13 வயதில் கல்யாணம். நன்றாகத்தானே வாழ்ந்தார்? நம் கலாசாரம் வேறு இல்லையா?

விளக்கம்: பிழைத்து, பேரன் பேத்தி கண்ட பாட்டிகள் மட்டும்தான் நமக்குத் தெரிந்தவர்கள். முதல் பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்த சிறுமிகள் எந்தக் குடும்பக் கதையிலும் இல்லை.

1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் வைத்த சம்மத வயது 10. மனைவிக்கும் அதே வரம்புதான். 1890-இல் கல்கத்தாவில் புல்மோனி என்ற சிறுமி, தன்னைவிட மிகவும் மூத்த கணவனுடனான உறவால் உயிரிழந்தாள். அவள் பத்து வயதைக் கடந்திருந்ததால் அது பலாத்காரமாகவே கருதப்படவில்லை. சிறிய குற்றத்துக்கு ஓராண்டுச் சிறையோடு முடிந்தது. மறு ஆண்டு, வயதை 12 ஆக்கும் மசோதா வந்தபோது திலகர் உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். அந்நிய அரசு நம் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது அவர்கள் வாதம். அடிமைப்பட்டிருந்த ஒரு நாட்டில் அந்தக் கோபம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால், அந்தக் கோபத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் பத்து வயதுப் பெண்கள்.

கலாசாரம் ஒற்றைக் குரலில் பேசியதும் இல்லை. பதினோரு வயதில் மணமுடிக்கப்பட்ட ருக்மாபாய், கணவர் வீட்டுக்குப் போவதைவிடச் சிறைக்குப் போகிறேன் என்று 1887-இல் பம்பாயில் நின்றார், பின்னாளில் மருத்துவரானார். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணின் திருமண வயது 16-க்கு மேல் இருக்க வேண்டும் என்றது. இலங்கை 1995-இல் சம்மத வயதைப் பொதுவாக 16 ஆக்கியபோது முஸ்லிம் திருமணங்களுக்கு விட்ட விலக்கை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடியவர்கள் அந்தச் சமூகத்துப் பெண்களே. ஆகவே, 'இது எங்கள் வழக்கம்' என்று யாராவது சொன்னால், அந்த வழக்கத்தைச் சுமப்பவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். தாத்தாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் வழக்கம் தவறானது என்று சொல்லத் தயங்கவும் வேண்டாம்.

சந்தேகம்: பதின்வயதுக் காதலையும் பாலியல் வன்கொடுமையையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா?

விளக்கம்: நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். பெண் வேறு சாதிப் பையனோடு போய்விட்டாள் என்றதும், பெற்றோர் மகளிர் காவல் நிலையத்தில் போக்சோ புகார் கொடுப்பது தமிழ்நாட்டில் பழகிப்போன காட்சி. குழந்தையைக் காக்க வந்த சட்டம் அங்கே சாதியைக் காக்கிறது. பையன் சிறைக்கும் பெண் காப்பகத்துக்கும் போகிறார்கள். இருவர் படிப்பும் நிற்கிறது.

சென்னை உயர் நீதிமன்றம் 2019-இலேயே, வரம்பை 16 ஆக்கி, வயது இடைவெளி ஐந்து ஆண்டு அளவைத் தாண்டாத உறவுகளைத் தனியாகப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னது. 2022 டிசம்பரில், காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யக் கூடாது என்று தமிழகக் காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். 2023-இல் சட்ட ஆணையம் 18-ஐக் குறைக்க வேண்டாம் என்றது. 16 முதல் 18 வரை உள்ளவர்களின் வழக்குகளில் தண்டனையைத் தீர்மானிப்பதில் நீதிபதிக்குக் கூடுதல் இடம் தரலாம் என்றும் சொன்னது.

18-ஐ அப்படியே குறைத்தால் நாற்பது வயது ஆளுக்கும் அதே கதவு திறந்துவிடும். 18 இருக்கட்டும், சமவயதினருக்குக் கனடாபோல இடைவெளி அளவில் விலக்கு வேண்டும். ஆசிரியர், உறவினர், வேலை கொடுப்பவர் யாருக்கும் அந்த விலக்கு பொருந்தக் கூடாது.

சந்தேகம்: கர்ப்பமான சிறுமியை மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் போலீஸ் வருமே?

விளக்கம்: இந்தப் பயத்தில்தான் பலர் போலி மருத்துவரிடம் போகிறார்கள். மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்பது உண்மை. ஆனால், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பாதுகாவலரின் ஒப்புதலோடு 24 வாரம் வரை சட்டப்படி கருக்கலைப்பு செய்யலாம். யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் 1098 எண்ணில் அழையுங்கள். சிறுமியே அழைக்கலாம், கட்டணம் கிடையாது.