கோவையும் விதியின் பதிப்பும்: ஊவாத் தோட்டங்களின் வரலாற்றொளியில் ஒரு விளக்கம்

விண்ணப்பமொன்று மேசைக்கு மேசை நகர்ந்து முடிவெய்தும் முறையைக் கணினியின் வாயிலாக நடத்துவதே பணிப்பாய்வு மென்பொருளின் தொழிலாகும். ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு கோவை. அது கடக்கவேண்டிய படிகளும் அவற்றை ஆளும் விதிகளும் சேர்ந்தது ஒரு பதிப்பு. விதி திருத்தப்படும்போது புதிய பதிப்புத் தோன்றுகிறது. அவ்வேளையிற் பாதிவழியில் நிற்கும் கோவைகளை எப்பதிப்பின்படி முடிப்பது? தொழில்நுட்பர் தமக்குள் தீர்த்துக்கொள்ளவேண்டிய சிறு வினாவாக இது தோன்றலாம். ஆயின் மொனராகலை, பதுளைத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வினா புதியதன்று.

முதலில் மென்பொருளின் இயல்பை நோக்குவோம். இங்கு மூன்று வழிகள் உள. முதலாவது, கோவையைத் தொடங்கிய பதிப்பிலேயே முடிப்பது. காமுண்டா என்னும் மென்பொருளில் இதுவே இயல்பான ஏற்பாடு: புதிய பதிப்பு நிறுவப்பட்ட பின்னரும் பழைய கோவைகள் பழைய வழியிலேயே தொடர்வன. இரண்டாவது, கோவையைத் திறக்கும் கணத்தில் நடைமுறையிலுள்ள பதிப்பைப் பிரயோகிப்பது. பெகா போன்றவற்றில் விதி தேவைப்படும் கணத்திலேயே தேடியெடுக்கப்படுகின்றமையால், பழைய கோவையும் புதிய விதிக்குள் வந்துவிட இடமுண்டு. மூன்றாவது, பழைய பதிப்பின் இன்ன படி புதியதன் இன்ன படிக்கு நேரானது என அட்டவணை வகுத்துக் கோவைகளை இடம்மாற்றுவது.

முதல் வழியில் விண்ணப்பித்தவர் அறிந்திருந்த விதி காக்கப்படும். ஆனால் அதன் குறைகளும் நீடிக்கும். இரண்டாவதில் திருத்தத்தின் பயன் உடனே கிட்டும். ஆனால் நீக்கப்பட்ட படியொன்றில் நின்ற கோவை வழியிழந்துவிடும், நேற்றுப் போதுமாயிருந்த சான்று இன்று போதாதாகிவிடும். மூன்றாவதோ அட்டவணையை வகுப்பவரின் நோக்கைப் பொறுத்தது. ஆகவே, பதிப்பு மாற்றத்தின் செலவை யார் சுமப்பது என்பதே வினாவின் சாரமாகும்.

கணினிக்கு முன்னரே கடதாசிக் கோவைகளில் இவ்வினா எழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம் அளித்தது. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் இடையறாது வதிந்தமையை நிறுவவேண்டியிருந்தது. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன; பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 134,000 பேரே. விசாரணைகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. மொனராகலையின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து விண்ணப்பித்தோர் அன்று பதுளை மாவட்டத்தவர். 1959இல் மொனராகலை தனி மாவட்டமாயிற்று. கோவை முடியுமுன் மாவட்டமே மாறிவிட்டது.

1964 ஒக்டோபர் 30ஆம் நாளைய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிக்கையாகவே கருதிற்று: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000; எஞ்சிய 150,000 பேர் பற்றிய முடிவு 1974வரை ஒத்திவைக்கப்பட்டது. இதனைச் செயற்படுத்த எழுந்த 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், இந்தியப் பிரசாவுரிமை பெறும் 7 பேருக்கு 4 பேர் என இலங்கைப் பிரசாவுரிமை வழங்கப்படலாயிற்று. 1971ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்விகிதத்தை, இந்தியா உண்மையிற் சென்று சேர்ந்தோரின் தொகையுடன் பிணைத்தது. இது நம் இரண்டாவது வழியின் கடுமையான வடிவம் எனலாம். தம் படிகளையெல்லாம் முடித்த தொழிலாளியின் கோவை, வேறொரு தொழிலாளி கப்பலேறும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதற்கு மாறான ஏற்பாடும் இவ்வரலாற்றிலேயே உண்டு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமையை உரித்தாக்கியது. ஒப்பந்த நாள் இங்கு ஒதுக்கீட்டின் எல்லையாக இல்லாது உரிமையின் அடிப்படையாயிற்று. அதே தேதி, அதனைக் கோவையுடன் பொருத்திய முறையே வேறு. இம்மாற்றம் தானாக நிகழவில்லை. தொழிற்சங்கங்களின் நீண்ட போராட்டமும், வாக்குரிமை மீண்ட தொழிலாளரின் அரசியல் வலுவும் அதன் பின்னணியாகும்.

இவ்வனுபவத்திலிருந்து மென்பொருளை ஒழுங்கமைப்போர் கொள்ளத்தக்கவை மூன்று. ஒவ்வொரு கோவையும் தான் தொடங்கிய நாளையும் பதிப்பையும், பின் நேர்ந்த மாற்றங்களையும் தன்னுடன் ஏந்திச்செல்ல வேண்டும். புதிய பதிப்புக்கு மாற்றுகையில், ஏற்கப்பட்ட சான்று மீண்டும் கோரப்படலாகாது. விண்ணப்பித்தவரின் நிலை முன்னிருந்ததினும் தாழலாகாது. ஒருவரின் கோவை நகர்வதற்குப் பிறரின் எண்ணிக்கை நிபந்தனையாகக் கூடாது.

காணி, வீடு, ஊழியர் சேமலாப நிதி எனத் தோட்ட மக்களின் கோவைகள் பலவும் அலுவலகங்களைச் சார்ந்தே உள்ளன. அவை கணினியேறும்போது, பதிப்பைப் பொருத்தும் விதியை எழுதுவோர் யார் நலனை முன்வைத்து எழுதுகின்றனர் என்று கேட்பது ஆய்வாளரின் கடமை மட்டுமன்று; அது அம்மக்களின் உரிமையுமாகும்.