முன் டிஸ்க் பிரேக் கிறீச்சிடுகிறதா? காரணமும் சரிசெய்யும் முறையும்

பால் கேன், புல்லுக்கட்டு, உர மூட்டை என எல்லாவற்றையும் இன்று பைக்தான் சுமக்கிறது. வயல் சேற்றிலும் வண்டிப்பாதை புழுதியிலும் ஓடும் பைக்கில், முன் டிஸ்க் பிரேக் 'கிறீச்' எனச் சத்தமிடுவது வழக்கம். பலர் அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால், வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு உண்டு. சுமையுடன் வரும்போது அது கைவிட்டால் ஆபத்து.

சத்தம் வரக் காரணம்

டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கும்போது ஏற்படும் அதிர்வே கிறீச் சத்தம். இடையில் மண், துரு, உரத்தூள் சேர்ந்தாலோ, பேட் முகம் கண்ணாடி போல வழவழப்பானாலோ, காலிப்பர் நகரும் பின்கள் இறுகினாலோ அதிர்வு கூடும். மழையில் நனைந்து, சில முறை பிரேக் பிடித்ததும் நின்றுவிடும் சத்தத்துக்குக் கவலை வேண்டாம். இரும்போடு இரும்பு உரசும் 'கரகர' சத்தம் வந்தால் பேட் தேய்ந்து தீர்ந்துவிட்டது. வண்டியை ஓட்டாதீர்கள்.

சரிசெய்யும் முறை

1. டிஸ்க் நன்றாக ஆறிய பிறகு, சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு டிஸ்க்கையும் காலிப்பரையும் கழுவிக் காயவிடுங்கள். பல நேரங்களில் இதிலேயே சத்தம் நின்றுவிடும்.

2. நிற்கவில்லையென்றால், வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பேட் பின்னை லேசாகத் தளர்த்திவிட்டு, காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கயிற்றால் கட்டிவையுங்கள். இந்த நேரத்தில் பிரேக் லீவரை அழுத்தவே கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

3. பேட்டைப் பாருங்கள். தேயும் பகுதி 2 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் இரண்டு பேட்டையும் சேர்த்து மாற்றுங்கள். வழவழப்பாக மட்டும் இருந்தால் உப்புத்தாளில் லேசாகத் தேய்க்கலாம். தூசியை வாயால் ஊதாதீர்கள், மூச்சுக்குக் கேடு.

4. பேட்டில் எண்ணெய் ஊறியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா என்றும் பாருங்கள். கசிவை நிறுத்தாவிட்டால் புது பேட்டும் வீணாகும்.

5. ஒரு பேட் அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் தேய்ந்திருந்தால், நகரும் பின்கள் இறுகியிருக்கலாம். அவற்றைத் துடைத்து, பிரேக்குக்கென உள்ள சிலிகான் கிரீஸ் சிறிதளவு தடவுங்கள். சாதா கிரீஸ் ரப்பரை உப்பச் செய்யும்.

6. புது பேட் போடும்போது பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். அப்போது ஹேண்டில்பாரில் உள்ள டப்பாவில் பிரேக் ஆயில் மேலேறும். வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

7. எல்லாவற்றையும் பூட்டி போல்ட்டுகளை இறுக்கிய பின், லீவர் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்துங்கள். இதை மறந்து கிளம்பினால் முதல் பிரேக் பிடிக்காது. பிறகு காலியான இடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதியுங்கள். புது பேட் படிய 200 கிலோமீட்டராவது ஆகும். அதுவரை திடீர் பிரேக்கைத் தவிர்க்கவும்.

செய்யக் கூடாதவை

சத்தம் நிற்கட்டும் என்று டிஸ்க்கில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். சத்தம் போகும், பிரேக்கும் போகும். காலிப்பரை டீசல், மண்ணெண்ணெய் கொண்டு கழுவாதீர்கள். உள்ளிருக்கும் ரப்பர் கெடும். சூடான டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளையக்கூடும்.

மெக்கானிக்கிடம் எப்போது?

லீவர் பொதபொதவென உள்ளே போனாலும், பிரேக் பிடிக்கும்போது லீவர் துடித்தாலும், பிரேக் ஆயில் கசிந்தாலும் நீங்களே முயல வேண்டாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வண்டியில் உரம், குறிப்பாகப் பொட்டாஷ் ஏற்றினால், அன்றைக்கே வண்டியைக் கழுவிவிடுங்கள். அதன் உப்பு இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்.