அரிதாளும் களையும்

கதிர் அறுத்தபின் வயலில் எஞ்சி நிற்கும் அடித்தாளுக்கு 'அரிதாள்' என்று பெயர். அரிதாளையும் அதனூடே தழைக்கும் களையையும் நீக்கினாலன்றி நிலம் அடுத்த போகத்திற்கு ஆயத்தமாகாது. நீக்கும் முறை இருவகைப்படும். மண்ணைக் கிளறிப் புரட்டுதல் ஒன்று. மண்ணைக் கிளறாது மேலே அரிதல் மற்றொன்று. எது தக்கது என்பதை மண்ணே முடிவு செய்கிறது.

தமிழகத்து நன்செய்யில் நீர் பாய்ச்சித் தாளை மடக்கி உழுவர். மடங்கிய தாள் சேற்றில் அழுகி எருவாகும். வரப்பைச் செதுக்க மண்வெட்டியும், புன்செய்க் களையை நீக்கக் களைக்கொட்டும் உதவும். களையெடுத்தலைக் 'களை கட்டல்' என்பது வள்ளுவர் வழக்கு. இக்காலத்தில் 'களைகட்டுதல்' என்பது பொலிவு பெறுதலைக் குறிப்பதால், மாணவர் மயங்காதபடி இதனை விளக்குதல் வேண்டும்.

பேராக் மாநிலத்தின் கிரியான் மாவட்டம் சதுப்பு நிலம். 1906-இல் முற்றுப்பெற்ற பாசனத் திட்டத்தால் அது நெற்களஞ்சியமாயிற்று. ஆழ்ந்த சேற்றில் ஏரும் எருமையும் புதையும். ஆதலின் அங்குள்ள மலாய்க்காரரும், போர்னியோவிலிருந்து குடியேறிய பஞ்சார் மக்களும் 'தாஜாக்' என்னும் கருவியைக் கையாண்டனர். மரப்பிடியின் அடியில் மடங்கி நிற்கும் இரும்பு அலகை நீருக்குள் வீசித் தாளையும் புல்லையும் அடியோடு அரிவர். அழுகியபின் வாரி, வயலில் பரப்புவர், அல்லது வரப்பில் இடுவர். கடலோரச் சதுப்பின் அடிமண்ணில் கந்தகம் கலந்த இரும்புத்தாது இருப்பதுண்டு. கிளறினால் அது காற்றுப்பட்டுப் புளித்துப் பயிரைக் கெடுக்கும். தாஜாக் அம்மண்ணைத் தீண்டுவதில்லை.

வயல் கற்பித்த இப்பாடத்தை ரப்பர் தோட்டங்கள் காலந்தாழ்த்தியே கற்றன. ஈப்போவுக்குத் தெற்கேயுள்ள சிம்பாங் பூலாய் வட்டாரத்துத் தமிழருக்குத் தோட்ட வாழ்வு புதிதன்று. மலாயாத் தோட்டங்களில் தொடக்கத்தில் புல் பூண்டின்றி நிலத்தைச் சுரண்டி வைத்தனர்; மழை மேல்மண்ணை ஆற்றிற்கு அடித்துச் சென்றது. பின்னரே மண்ணைப் போர்த்துக் காக்கும் மூடுபயிர் பரவலாயிற்று. அதன்பின் களைக்கொல்லி மருந்து வந்தது. மண்ணைக் கிளறாமலே களை கருகிற்று. ஆயின் தெளிப்பானை முதுகில் சுமந்தவருள் பலர் தமிழ்ப் பெண்கள். மாற்று மருந்தில்லாத நஞ்சாகிய பாராகுவாட்டை மலேசியா 2002-இல் தடை செய்து, 2006-இல் தளர்த்தி, 2020 சனவரி முதல் முற்றாக விலக்கியது.

ஆதலின் கருவியின் பெயரை மட்டும் கற்பித்தல் போதாது. அது மண்ணை என்ன செய்கிறது, ஏந்திய கையை என்ன செய்கிறது என்பவற்றையும் உடன் கற்பித்தலே சொற்பொருள் விளக்கம் ஆகும்.