கண்ணுக்குத் தெரியாத சுடர்

காஞ்சிரங்குளத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மருமகனுக்குச் சென்னையில் மருந்து கம்பெனியில் வேலை. பதவி ‘சீனியர் அனலிட்டிகல் கெமிஸ்ட்’. “மருந்து செய்கிறாயா என்றால் இல்லை என்கிறார். விற்கிறாயா என்றாலும் இல்லை. பிறகு என்னதான் செய்கிறார்?”

அவர் சந்தேகப்படுகிறார், அம்மா! அதற்குத்தான் சம்பளம். புதிதாக ஒரு மருந்து உருவாகும்போது சொன்ன பொருள் சொன்ன அளவில் இருக்கிறதா, சொல்லாத ஏதேனும் நுழைந்திருக்கிறதா, 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்தால் என்னவாகச் சிதைகிறது என்றெல்லாம் கண்டுபிடிக்கும் முறையை வகுப்பது அவர் பொறுப்பு. அதற்கான கருவிகளில் என் செல்லம் கேஸ் குரோமட்டோகிராஃப். ஆய்வகத்தில் ஜி.சி. என்போம்.

அதன் கதவைத் திறந்தால், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் சுருட்டி வைத்த பழுப்புக் கம்பி தெரியும். கம்பியல்ல, சிலிக்காக் குழாய். நீட்டினால் 30 மீட்டர் வரும். உள்விட்டம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு முனையில் ஒரு மைக்ரோலிட்டர் திரவத்தைச் செலுத்தினால், அது சூட்டில் ஆவியாகி ஹீலியத்தோடு பயணப்படும். உள்ளே நடப்பது எங்கள் சந்தைப் பயணம் மாதிரி. சிறுவயதில் அம்மாவும் மாமாவும் நானும் சந்தைக்குப் போவோம். மாமா வெளியூர்; நேரே நடந்து மறுமுனைக்குப் போய்விடுவார். அம்மா கடைக்குக் கடை நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் வந்து சேருவார். குழாயின் உட்சுவரில் பூசியிருக்கும் மெல்லிய படலத்தோடு எந்தப் பொருளுக்கு ஒட்டுறவு அதிகமோ, அது அம்மாவைப் போலத் தாமதமாக வெளியே வரும். சேர்ந்து நுழைந்தவை தனித்தனியாகிவிடும்.

மறுமுனையில், டிடெக்டருக்குள் காத்திருப்பது ஹைட்ரஜன் சுடர். கரிமப் பொருள் அதில் விழுந்து எரிந்தால் அயனிகள் பிறக்கும். அவற்றால் ஓடும் மிக நுண்ணிய மின்னோட்டம் திரையில் ஒரு பீக்காக, அதாவது முகடாக, எழும். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுடர் கண்ணுக்குத் தெரியாது. பற்றியிருக்கிறதா என்று அறிய, பளபளப்பான ஸ்பேனர் ஒன்றை டிடெக்டரின் வாய்க்கு மேலே பிடிப்போம். ஹைட்ரஜன் எரிந்தால் நீராவி. குளிர்ந்த உலோகத்தில் மூச்சுப் பட்டதுபோல் மங்கல் படரும். படர்ந்தால் சுடர் இருக்கிறது. லட்சக்கணக்கில் விலை கொடுத்த கருவிக்கு ஸ்பேனர்தான் சாட்சி! இப்போதைய கருவிகள் சுடரைத் தாமே கவனித்துக்கொள்கின்றன. பழகிய கை இன்னும் ஸ்பேனரைத்தான் தேடுகிறது.

இத்தனை பாடு எதற்கு? 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அக்டோபர் தொடக்கத்தில், ஆயுத பூஜை விடுமுறையிலும் வேலை பார்த்துத் தமிழ்நாட்டு அரசின் மருந்துப் பரிசோதனைக்கூடம் முடிவைச் சொன்னது: டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1. கேரளத்திலும் விற்பனை நிறுத்தப்பட்டது.

சிரப்பில் மருந்தைக் கரைக்கப் பயன்படுவது புரொப்பிலீன் கிளைகால். அதுவும் இந்த நஞ்சும் நிறமற்றவை, கொழகொழப்பானவை, இனிப்பானவை. கண்ணும் நாக்கும் ஏமாந்துவிடும், ஜி.சி. ஏமாறாது. முன்னதன் கொதிநிலை 188 டிகிரி, பின்னதற்கு 245. வெவ்வேறு நேரத்தில் இரண்டு பீக்குகள் எழுந்து நிற்கும். சோதனைக்கு ஒரு மணி நேரம் போதும்.

இதே நஞ்சு 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர் இறந்தார்கள். ஆக, எதைத் தேட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், தேடும் கருவியும் உண்டு. கரைப்பான் பீப்பாயோடு வந்த சான்றிதழைக் கோப்பில் செருகிவிட்டுச் சோதித்ததாகக் கையெழுத்துப் போடுவதுதான் நம் நோய். ஹீலியம் சிலிண்டர் தீர்ந்துபோய், உறை போட்டு மூடிய ஜி.சி.க்களைப் பார்த்திருக்கிறேன். மருந்து ஆய்வாளர் வரும் வாரம் மட்டும் அந்த உறை விலகும்.

சிந்துவாரா சாவுகளுக்குப் பிறகு மத்திய சுகாதாரத் துறை நினைவூட்டியதை நானும் சொல்லிவைக்கிறேன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து தரக் கூடாது. ஐந்து வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. கடைக்காரரிடம் கேட்டு நீங்களாக வாங்காதீர்கள். மருத்துவர் எழுதித் தந்து வாங்கினாலும் பில் கேளுங்கள், புட்டியிலுள்ள பேட்ச் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மருந்தைத் திரும்பப் பெறச் சொல்லி அறிவிப்பு வந்தால், உங்கள் வீட்டுப் புட்டி அதில் ஒன்றா என்று அறிய அந்த எண்தான் வழி.