கடிகாரத்தை நிறுத்திய மேயர்!
கொரோனா காலத்தில் நியூயார்க்கில் நடந்த விசித்திர வழக்கு

நியூயார்க் பெரிய நகரம். வானத்தைத் தொடும் கட்டிடங்கள் அங்கே ஏராளம். ஆனால் நினைத்த இடத்தில் நினைத்த உயரத்துக்குக் கட்டிவிட முடியாது.

எந்தத் தெருவில் வீடு, எந்தத் தெருவில் தொழிற்சாலை, எத்தனை மாடி? எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. அதை மாற்றுவதற்கு முன் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும்.

60 நாள் கெடு

நகரில் 59 வட்டாரக் குழுக்கள் இருக்கின்றன. மனு முதலில் அங்கேதான் போகும். குழுவுக்கு 60 நாள் கெடு. அதற்குள் கூட்டம் போட்டு, ஜனங்கள் சொல்வதைக் கேட்டு, முடிவு சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால்? மனு காத்திருக்காது, அடுத்த படிக்குப் போய்விடும்! பிறகு திட்டக் கமிஷன், அதற்கப்புறம் நகரசபை. எல்லாம் முடிய சுமார் 7 மாதம் ஆகும்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. கூட்டம் கூடவே முடியவில்லை. ஆனால் கெடு மட்டும் ஓடினால், மக்கள் வாய் திறக்குமுன்பே மனு தாண்டிப் போய்விடும்.

மார்ச் 16-ந் தேதி மேயர் பில் டி பிளாசியோ ஓர் உத்தரவு போட்டார். கெடுக் கணக்கு நின்றது. ஓடுகிற கடிகாரத்தைப் பிடித்து நிறுத்தியதுபோல! செப்டம்பர் மத்தியில்தான் அது மறுபடி ஓடியது. அப்போதும் கூட்டம் மண்டபத்தில் அல்ல, கம்ப்யூட்டர் திரையில்.

கோர்ட்டுக்குப் போனார்கள்

புரூக்ளின் பகுதியில் கோவானஸ் என்ற கால்வாய் இருக்கிறது. தொழிற்சாலைக் கழிவெல்லாம் விழுந்து நாறிப்போன கால்வாய். அதை ஒட்டிய 82 தெருக்கட்டங்களில் மாடி வீடுகள் கட்ட அனுமதிக்க நகர அதிகாரிகள் திட்டமிட்டார்கள். சுமார் 8,500 வீடுகள். அவற்றில் ஏறத்தாழ 3,000 வீடுகளுக்கு வாடகை குறைவு.

ஊரே மாறப்போகிற காரியம். அதைத் திரையில் பேசி முடிப்பதா? இன்டர்நெட் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? இப்படிக் கேட்டு அங்குள்ள சில சங்கங்கள் 2021 ஜனவரியில் வழக்குப் போட்டன. வீட்டில் இருந்தபடியே பலரும் பேச முடிகிறதே என்றது எதிர்த்தரப்பு. அதுவும் பொய்யல்ல. பிள்ளையை விட்டுவிட்டு ராத்திரிக் கூட்டத்துக்கு எந்தத் தாய் வரமுடியும்?

கோர்ட்டு முதலில் இடைக்காலத் தடை விதித்தது. ஏப்ரலில் வழி பிறந்தது. திரையிலும் நடத்தலாம், ஆனால் நேரில் வருகிறவர்களுக்கும் இடம் தரவேண்டும்!

பூங்காவில் கூட்டம்

மண்டபத்தில் நோய் பயம். ஆகவே ஜூன் மாதம் ஒரு பூங்காவில், திறந்த வெளியில் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் அங்கே நின்று பேசினார்கள். வராதவர்கள் திரையில் பேசினார்கள்.

பக்கத்தில் சர்க்கார் கட்டிய ஏழைகள் குடியிருப்பு இரண்டு உண்டு. பழசாகிப் பழுதுபட்டவை. புது மாடிகள் எழும்புவதற்குமுன் இந்த வீடுகளைச் சரிசெய்யப் பணம் தாருங்கள் என்ற கோரிக்கை பலமாக எழுந்தது. வட்டாரக் குழுவும் நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தது.

2021 நவம்பரில் நகரசபை திட்டத்தை நிறைவேற்றியது. அந்த இரண்டு குடியிருப்புகளின் பழுதுபார்ப்புக்கு 20 கோடி டாலர் தருவதாக நகர நிர்வாகம் ஒப்புக்கொண்டது.