மறதியும் நம்பிக்கையும்
(மூன்றாமாண்டு மின்னியல் மாணவன்)



'கஜினி' படத்தைப் பார்க்காதவர் நம்மில் அநேகமாக யாரும் இருக்க முடியாது. 2005-ல் ஏ.ஆர்.முருகதாஸ் இயக்கத்தில் வந்த படம். சூர்யா நடித்த சஞ்சய் ராமசாமிக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் எதுவும் நினைவில் நிற்காது. அதனால் போட்டோவில் குறிப்பு எழுதுகிறான், உடம்பிலேயே பச்சை குத்திக்கொள்கிறான். இதற்கு முன்னோடி, 2000-ல் கிறிஸ்டோபர் நோலன் எடுத்த 'மெமெண்டோ'. சரி, இப்படி ஒரு வியாதி நிஜமாகவே உண்டா?

உண்டு. மறதி இரண்டு வகை. அடிபடுவதற்கு முன் நடந்தது மறந்துபோவது ஒன்று. அடிபட்ட பின் நடப்பது மனதில் பதியாமல் போவது இன்னொன்று. 1982-ல் வந்த பாலுமகேந்திராவின் 'மூன்றாம் பிறை'யில் ஸ்ரீதேவிக்கு வருவது முதல் வகை. (இசை, நம்ம பண்ணைப்புரத்து இளையராஜா!) ஆனால் நிஜத்தில் ஒருவர் அப்படியே குழந்தையாக மாறிவிடுவதில்லை. பெரும்பாலும் விபத்தை ஒட்டிய நாட்கள்தான் அழியும், பழையது தங்கும். மறுபடி தலையில் அடிபட்டால் நினைவு திரும்பும் என்பதும் சினிமாக் கதைதான். இன்னொரு அடி கேடுதான் செய்யும்.

இரண்டாம் வகைக்குப் பேர்போன உதாரணம் அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசன். 1953-ல், அவருடைய 27-வது வயதில், வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கமும் ஆபரேஷன் செய்தார்கள். அதில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கு போய்விட்டது. பிறகு, சின்ன வயசுக் கதையெல்லாம் சொல்வார். சற்று முன் பேசிவிட்டுப் போன ஆளை மட்டும் தெரியாது. நம்ம பாஷையில் சொன்னால், ரேம் வேலை செய்கிறது, ஹார்டு டிஸ்க்கில் சேவ் ஆகவில்லை.

பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் தப்பு குறைந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் இதுதான் முதல் தடவை என்றே அவர் நினைத்தார்! கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் சேருகிறது என்பது இதிலிருந்து புரிந்தது. 2008-ல் அவர் இறக்கும்வரை விஞ்ஞானிகள் அவரிடம் பாடம் படித்தார்கள்.

இனி நம்பிக்கைக்கு வருவோம். நினைவு இல்லாதவன் எதை நம்புவான்? 'மெமெண்டோ' நாயகன் தன் கையெழுத்தை மட்டும் நம்புகிறான். கடைசியில்தான் விஷயம் வெளியாகிறது. தெரிந்தே ஒரு பொய்க் குறிப்பை அவனே எழுதி வைக்கிறான், பிறகு அதையே உண்மை என்று நம்பி ஒருவனைக் கொல்கிறான். எழுதி வைத்ததெல்லாம் உண்மை ஆகிவிடாது என்பதுதான் கதையின் முடிச்சு.

இது நம்ம ஊருக்கும் பொருந்தும். எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும். போன நாளுக்கு ஒரு கோடு என்று அடுப்பங்கரைச் சுவரில் கரியால் கிழிக்கும். ஒரு வாரம் சுவரில் ஆறு கோடு, கணக்கு நோட்டில் ஐந்து நாள். நோட்டுதான் ஜெயித்தது. அம்மாவுக்கு ஞாபகசக்தி குறைவில்லை. எழுத்து இல்லாததால் அதை நம்ப ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எங்க குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். இப்போது நானும் தேதி போட்டு ஒரு நோட்டு எழுதுகிறேன். சனிக்கிழமை ராத்திரி வாசித்துக் காட்டுவேன், அம்மா சுவரைப் பார்த்து ஒவ்வொரு கோடாக எண்ணும். "நீ எழுதுனதயும் சரிபாக்கணும்ல?" என்று கேட்கும். நியாயம்தானே!

நண்பர்களே, நாளைக்கு நாமும் ஏதோ ஒரு ஷிப்டில் லாக் புக் எழுதப் போகிறோம். நம் ஷிப்டில் நடந்தது எதுவும் அடுத்து வருபவனுக்குத் தெரியாது. நாம் எழுதிய ரீடிங்கை நம்பித்தான் அவன் சுவிட்சில் கை வைப்பான். மீட்டரைப் பார்க்காமல் ஒரு எண்ணைக்கூட எழுத வேண்டாம்.