விண்ணிலிருந்து வந்த கலப்புலோகம்

செம்பும் தகரமும் கலந்தால் வெண்கலம் ஆகும். செம்பும் துத்தநாகமும் கலந்தால் பித்தளை ஆகும். இவ்வாறு உலோகங்களை உருக்கிச் சேர்த்துப் பெறுவன கலப்புலோகங்கள் எனப்படும். இவை பெரும்பாலும் மனிதன் உலைக்களத்தில் ஆக்கியவையே. இயற்கை தானே ஆக்கித் தருவன மிகச் சில. அவற்றுள்ளும் அரிதினும் அரியது ஐகோசஹெட்ரைட் என்னும் கனிமம். இதன் நூறு அணுக்களில் ஏறத்தாழ 63 அலுமினியம், 24 செம்பு, 13 இரும்பு.

இக்கனிமத்தில் வியப்புகள் இரண்டு உள. நிலவுலகின் மேலோட்டில் அலுமினியத்தைப் போல மிகுதியான உலோகம் வேறு இல்லை. ஆயினும், அஃது ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்தே கிடக்கும். தனி உலோகமாகக் கிடைப்பது அரிது. இக்கனிமத்திலோ அது பிற உலோகங்களோடு கலந்து உலோக நிலையிலேயே உள்ளது. இது முதல் வியப்பு.

அணுக்களின் அமைப்பு இரண்டாம் வியப்பு. முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய வடிவங்களில் ஒன்றைக் கொண்டு தரையை இடைவெளியின்றிப் பாவலாம். ஒழுங்கான ஐங்கோணக் கற்களை மட்டும் கொண்டு அவ்வாறு பாவ இயலாது. ஆதலால், படிகங்களில் ஐங்கோண ஒழுங்கு அமையாது என்று அறிஞர் நெடுங்காலம் உறுதியாக நம்பினர். 1982ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், டேனியல் ஷெக்ட்மன் என்னும் அறிஞர் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய கலப்புலோகம் ஒன்றில் அத்தகைய ஒழுங்கைக் கண்டார். பலர் அவரை எள்ளி நகையாடினர். எனினும் உண்மை வென்றது. 2011இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவரை அடைந்தது. இலக்கணம் இல்லாதிருந்தும் இலக்கணம் உடையதுபோல் வழங்குவதை இலக்கணப்போலி என்கிறோம் அன்றோ? அதுபோல, படிக இலக்கணத்துள் அடங்காதும் படிகம்போல் விளங்கும் இப்பொருளைப் படிகப்போலி எனலாம்.

இத்தகைய பொருளை இயற்கையும் ஆக்கியிருக்குமோ? அமெரிக்க நாட்டுப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஸ்டைன்ஹார்ட் இவ்வினாவுக்கு விடை தேடினார். இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகர அருங்காட்சியகத்தைச் சேர்ந்த லூக்கா பிண்டி அவருக்குத் துணைநின்றார். அவ்வருங்காட்சியகத்தில் இருந்த ஒரு சிறு கல்லில், 2009இல் அப்பொருள் வெளிப்பட்டது. ஆனால், அது தொழிற்சாலைக் கசடாக இருக்கலாம் என்னும் ஐயமும் எழுந்தது. அக்கல் வந்த வழியை ஆராய்ந்தபோது, வலேரி கிரயாச்கோ என்பவர் 1979இல் உருசிய நாட்டின் வடகிழக்குக் கோடியிலுள்ள கொரியாக் மலைப்பகுதியில், ஓர் ஓடையின் களிமண்ணை அரித்து அதனை எடுத்தார் என்பது புலனாயிற்று.

ஐயத்தைக் களைய வேண்டி, 2011இல் ஓர் ஆய்வுக்குழு அவ்வோடைக்கே சென்றது. கிரயாச்கோவும் உடன் சென்றார். அவர்கள் ஒன்றரை டன் அளவுள்ள களிமண்ணை அரித்துப் பார்த்து, அதே வகையான துகள்களைக் கண்டெடுத்தனர். துகள்களிலிருந்த ஆக்சிஜன் வகைகளின் விகிதம் நிலவுலகப் பாறைகளோடு ஒவ்வாமல், பழமையான விண்கற்களோடு ஒத்திருந்தது. முன்னைய கல்லிலோ, மிகப் பேரழுத்தத்தில் மட்டுமே தோன்றும் ஸ்டிஷோவைட் என்னும் கனிமமும் காணப்பட்டது. எந்தத் தொழிற்சாலை உலையிலும் அத்தகைய அழுத்தம் இல்லை. விண்வெளியில் பாறைகள் ஒன்றோடொன்று மோதும்போது அஃது உண்டாகும். எனவே இது கதிரவன் குடும்பம் தோன்றிய காலத்துக்குரிய, ஏறத்தாழ 450 கோடி ஆண்டு மூத்த விண்கல்லின் பகுதி என்று துணிந்தனர். 2016இல் ஆய்வுக்கூடத்தில் உலோகங்களையும் கனிமங்களையும் கடுவிரைவில் மோதச் செய்தபோது, படிகப்போலி தோன்றியமை இக்கருத்துக்கு அரண் செய்தது.

இவ்வளவு பெரிய உண்மையைத் தாங்கி நின்றவை கண்ணுக்கு எளிதிற் புலப்படாத துகள்களே. நிகழாது என்று நூல்கள் உரைத்ததை ஒருவர் கண்டார். இயற்கையில் இராது என்று பலர் கூறியதை மற்றவர் தேடினர். ஐயுற்றோரை வெறுக்காமல், அவர்தம் ஐயத்தைச் சான்றுகளால் நீக்கியதே அவ்வறிஞர்களின் பெருமை. மெய்ப்பொருள் காண விழைவோர் கைக்கொள்ள வேண்டிய நெறி அதுவே.